வெளிச்சமும் வாயிலும் கேமராவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையும் சொல்லப்பட்டுவிட்டது. ஒரே ஒரு பொருள் மட்டும் முடிவு காணாமல் நிற்கின்றது. பள்ளிவாசலிலும் அதனைச் சுற்றியுள்ள தெருக்களிலும் 16 கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த வேண்டும் என்னும் கோரிக்கைதான் அது. ‘கேமரா வந்தால் பயம் போகும்’ என்று ஒரு சாரார் கூறினர். ‘கேமரா வந்தால்தான் பயமே வரும்’ என்று மற்றொரு சாரார் கூறினர். இரு சாராரும் உண்மையையே கூறினர் என்பது நம் கருத்து. அஃது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதற்காகவே இந்த நேரத்தைக் கேட்டுப் பெற்றோம்.

நாம் வாழ்வது சாதாரண ஊரன்று. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைப்பாதையைச் சுற்றி வரப் பல இலட்சம் மக்கள் வந்து செல்லும் ஊர். கார்த்திகை தீபத்தன்று அந்த எண்ணிக்கை இன்னும் பன்மடங்காகும். தேரடி வீதியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு மக்கள் வெள்ளம் என்றால் என்னவென்று நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. எந்த மூலையில் நெருக்கம் தொடங்கும், எந்தச் சந்தில் பணப்பை பறிபோகும், எத்தனை மணிக்குப் பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒரு தாய் கடை வாசலுக்கு வந்து நிற்பாள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆகவே பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்குத் தகுதி படைத்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கின்றார்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பாதுகாப்பு என்பது ஒன்று. பாதுகாப்பாக இருக்கின்றோம் என்னும் உணர்வு வேறொன்று. இரண்டும் எப்போதும் கைகோத்து வருவதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். கொட்டும் மழையில் வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணி இருந்தவர்கள் அவர்கள். இதற்கு மாறாக, நம் பள்ளிக்கூடத் தெருவின் கடைசி முனையில் நாம் அறிந்தவரை யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. ஆயினும் இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே நடக்கப் பெண்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சமும் பொய்யன்று. அச்சத்தினால் ஒரு பெண் தராவீஹ் தொழுகைக்கு வருவதையே நிறுத்திவிட்டால், தீங்கு நேராமலேயே இழப்பு நேர்ந்துவிட்டது அல்லவா?

மக்கள் கூடும் இடங்களில் இந்த இரண்டும் எப்படி விலகிப் போகின்றன என்பதற்கு நம் மாநிலத்திலேயே போதுமான சான்றுகள் உள்ளன. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகக் குளக்கரையில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். 2005 டிசம்பர் 18 அதிகாலையில், சென்னை எம்.ஜி.ஆர். நகரில் ஒரு பள்ளிக்கூட வாயிலில் வெள்ள நிவாரணத்திற்கான சீட்டுப் பெறக் காத்திருந்தவர்களில் 42 பேர் மாண்டனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் ‘மிதிபட்டு இறந்தனர்’ என்றே செய்தி வருகின்றது. உண்மையில் இத்தகைய நிகழ்ச்சிகளில் மிகப் பலர் நின்ற நிலையிலேயே மூச்சுவிட இடமின்றி இறக்கின்றனர். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் நெருக்கம். ஆறு பேரைத் தாண்டினால் யாருடைய கால்களும் யாருடைய கட்டுப்பாட்டிலும் இருப்பதில்லை. கூட்டமே ஒரு நீரோட்டம்போல் அசைகின்றது. அதில் ஒழுக்கமானவர், ஒழுக்கமற்றவர் என்னும் வேறுபாடு கிடையாது. ஆகவே ‘மக்களுக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்று பின்னர்ப் பழி சொல்வது எளிது. ஆனால் குற்றம் பெரும்பாலும் வாயிலின் அகலத்திலும் வழியின் அமைப்பிலுமே இருக்கின்றது.

இதனை நமக்கு மிக நெருக்கமான ஓரிடத்தைக் கொண்டே விளக்கலாம். மினாவின் ஜம்ராத்தைப் பழைய அமைப்பில் கண்ட ஹாஜிமார்கள் இங்கே சிலர் இருக்கின்றார்கள். அன்று அங்கே இருந்தவை தூண்கள். தூணைச் சுற்றி எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் நெருங்குவார்கள். கல்லெறிந்து முடித்தவர், வருகின்றவரை எதிர்கொண்டே திரும்ப வேண்டும். 1994ஆம் ஆண்டு 270 பேர், 1998ஆம் ஆண்டு 118 பேர், 2004ஆம் ஆண்டு ஏறத்தாழ 250 பேர், 2006 ஜனவரி 12 அன்று 340க்கும் மேற்பட்டோர் என அங்கே உயிர்கள் போயின. அறிவுரை சொல்லப்படாத ஆண்டு ஏதுமில்லை. எத்தனையோ மொழிகளில் துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்பட்டன. ஒலிபெருக்கிகள் ஓயாமல் ஒலித்தன. பயன் இல்லை.

2004ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின் தூண்கள் இருந்த இடத்தில் 26 மீட்டர் நீளமுள்ள சுவர்கள் எழுப்பப்பட்டன. ஒரு புள்ளியை நோக்கி நெருங்கியவர்கள் ஒரு நீண்ட கோட்டின்வழி பரவி நிற்க வழி பிறந்தது. 2006ஆம் ஆண்டு விபத்துக்குப் பிறகு பழைய பாலமே இடிக்கப்பட்டு, பல அடுக்குகளைக் கொண்ட புதிய பாலம் கட்டப்பட்டது. மணிக்கு 3 இலட்சம் பேர் கடந்து செல்லும் கணக்கில் அஃது அமைக்கப்பட்டது. வரும் வழி வேறு, போகும் வழி வேறு. 2006ஆம் ஆண்டு விபத்தின் கேமராப் பதிவுகளை டிர்க் ஹெல்பிங் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு நம் கவனத்திற்குரியது. சீராகச் சென்றுகொண்டிருந்த கூட்டம் முதலில் நின்று நின்று நகரத் தொடங்கியது. பின்னரே அலைபோல் எல்லாத் திசைகளிலும் தள்ளத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் பின்னால் வருபவர்களை நிறுத்தியிருக்க முடியும். கேமராவால் மிகப் பெரிய பயன் இதுவே என்று நாம் எண்ணுகின்றோம்: திருடனைப் பிடிப்பதற்கு அன்று, கூட்டம் நின்று நின்று நகர்கின்றதா என்பதைப் பார்ப்பதற்கு. ஆனால் அதற்குக் கேமராவுக்கு மறுமுனையில் ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும். அவருடைய சொல்லைக் கேட்டு வாயிலை மூட மற்றொருவர் இருக்க வேண்டும்.

அவ்வளவு செய்தும் கதை முடியவில்லை. 2015 செப்டம்பர் 24 அன்று, பாலத்தில் அன்று, பாலத்தை நோக்கிச் செல்லும் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் பெரும் நெரிசல் ஏற்பட்டது. சவூதி அரசு அறிவித்த எண்ணிக்கை 769. பல நாடுகள் தத்தம் ஹாஜிகளைக் கணக்கிட்டுச் சொன்னவற்றைக் கூட்டினால் 2,000க்கும் அதிகம். ஓரிடத்தில் அடைப்பை நீக்கினால் அஃது அடுத்த இடத்திற்கு நகர்ந்துவிடும் என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் நமக்குக் கற்பிக்க முடியாது. மறு ஆண்டு, 2016இல், ஹாஜிகளுக்கு விவரங்கள் அடங்கிய மின்னணுக் கைப்பட்டைகள் அறிமுகமாயின. தீபத் திருவிழாவில் நம் மாவட்டக் காவல்துறை, குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதிய பட்டையைக் கட்டிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு மின்சாரமும் வேண்டாம், சமிக்ஞையும் வேண்டாம். கூட்டம் பெருகும்போது கைபேசி இணைப்பு முதலில் திணறுவதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பட்டையின் அருமை புரியும். விலை குறைந்த கருவி எல்லாம் அறிவு குறைந்த கருவி என்று எண்ணிவிடக் கூடாது.

இனி நம் வாயிலுக்கு வருவோம். விளையாட்டரங்குகளுக்காக இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட வழிகாட்டு நூலில் ஒரு கணக்கு உண்டு. சமதளமான வழியில், ஒரு மீட்டர் அகலத்தில், ஒரு நிமிடத்திற்கு 82 பேர் வெளியேறலாம். படிக்கட்டாக இருந்தால் 66 பேர். நம் பெருநாள் தொழுகைத் திடலின் வாயில் இரண்டு மீட்டர் அகலம். நிமிடத்திற்கு 164 பேர். 3,000 பேர் வெளியேறப் பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். இது தடையேதும் இல்லாதபோது! நம் வாயிலிலோ ஒருபுறம் செருப்புக் குவியல், மறுபுறம் ஸதக்கா கேட்டு அமர்ந்திருப்போர், வெளியே கால் வைத்த உடனே வரிசையாக நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனங்கள். இவை போதாவென்று, ஓராண்டாகப் பார்க்காத உறவினரைச் சரியாக வாயில் நடுவில்தான் நாம் கட்டித் தழுவுகின்றோம். முஆனகா செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. இருபது அடி தள்ளி நின்று செய்யலாம். அதே அகலத்தில் இரண்டாவது வாயில் ஒன்று மேற்குச் சுவரின் மூலையில் அமைந்தால், நேரம் பாதியாகக் குறையும். மழையோ, மின்கசிவோ, ஒரு வதந்தியோ ஏற்பட்டால் அந்தப் பாதி நேரமே உயிர்.

இந்த ஊரின் பெரிய கோயிலைக் கட்டியவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்களோ என்று தோன்றும். நான்கு திசைகளிலும் நான்கு பெரிய கோபுர வாயில்கள். அவற்றைச் சுற்றித் தேர் திரும்பும் அளவிற்கு அகன்ற மாட வீதிகள். ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேற வழியுண்டு. தேர் ஓட விட்ட அகலம் இன்று மனிதர் மூச்சுவிடவும் பயன்படுகின்றது. அந்த வீதிகளில் நாமும் கடை வைத்திருக்கின்றோம். கடைக்கு முன்னால் படிக்கட்டையும் கூரையையும் ஒவ்வோர் ஆண்டும் ஓரடி முன்னே நீட்டுவதில் நாமும் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றோம்.

வெளிச்சத்தைப் பற்றி. நியூயார்க் நகரின் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றில் 2016ஆம் ஆண்டு கூடுதல் விளக்குகளை நிறுத்தி ஆய்வு செய்தனர். விளக்கு வைத்த இடங்களில், இரவில் வெளிப்புறத்தில் நிகழும் கடுமையான குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். வெளிச்சம் நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த வெளிச்சமும் நன்று என்பதில்லை. முன்பு நம் தெருக்களில் சோடியம் விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. அந்த ஒளியில் சட்டையின் நிறம்கூடத் தெரியாது. இப்போது எல்.இ.டி. விளக்குகள் வெள்ளையாக எரிகின்றன; நிறம் தெரிகின்றது. எனினும் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கொன்றைச் சுவரில் நேராகப் பொருத்தினால், அதன் கீழே நிற்பவர் நன்றாகத் தெரிவார். அவருக்கோ விளக்குக்கு அப்பால் நிற்பவர் யார் என்று தெரியாது. பயம் என்பது இருட்டில் மட்டும் பிறப்பதில்லை. நம்மை எல்லோரும் பார்க்க, நாம் யாரையும் பார்க்க முடியாத இடத்திலும் பிறக்கின்றது. ஆகவே உயரத்தில் ஒரு பெரிய விளக்கைவிட, மூடியிட்டுக் கீழ்நோக்கி எரியும் சிறிய விளக்குகளைச் சம இடைவெளியில் வைப்பதே சிறந்தது.

விளக்கைவிடச் சிறந்த பாதுகாப்பு, விழித்திருக்கும் மனிதர்கள். ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1961ஆம் ஆண்டு எழுதிய நூலில் இதனையே முதன்மையாக வலியுறுத்தினார். தெருவை நோக்கிய சன்னல்களும் திண்ணைகளும் கடைகளும் இருந்தால் தெரு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பது அவருடைய கருத்தின் சாரம். மலைப்பாதையில் நள்ளிரவு இரண்டு மணிக்கும் எரியும் ஒரு தேநீர்க் கடையின் விளக்கு, எத்தனையோ கம்பங்களுக்குச் சமம். மலைப்பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது எழுந்த எதிர்ப்பு 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. சாலை அகன்றால் நெரிசல் குறையும் என்பது ஒரு நியாயம். நிழல் போனால் நடப்பவர் தளர்ந்து விழுவார் என்பது மற்றொரு நியாயம். இரண்டும் பாதுகாப்பைப் பற்றிய நியாயங்களே.

நம் மகளிரிடம், மதரஸா ஆசிரியைகள் மூலமாக, எங்கே அச்சமாக இருக்கின்றது, என்ன வேண்டும் என்று கேட்டறிந்தோம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சேஃப்டிபின்’ என்னும் செயலி இவ்வாறே வெளிச்சம், திறந்த வெளி, நடைபாதை, பெண்களின் நடமாட்டம், மனத்தில் தோன்றும் உணர்வு என்று ஒன்பது கூறுகளைக் கொண்டு ஓரிடத்தை மதிப்பிடுகின்றது. அதே கூறுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். வந்த விடைகளில் கேமரா வேண்டும் என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. மின்மாற்றி அருகே உள்ள வளைவில் விளக்கு வேண்டும் என்று ஏறத்தாழ எல்லோரும் எழுதியிருந்தனர். சுவரோரம் நாள்கணக்கில் நிறுத்தப்படும் சரக்கு வண்டிகளை அகற்ற வேண்டும் என்று பலர் எழுதினர். வண்டிக்குப் பின்னால் யார் நிற்கின்றார் என்று தெரியவில்லையாம். மகளிர் வாயிலுக்கு எதிரே இளைஞர்கள் அமரும் சிமெண்டு திண்டை வேறிடத்திற்கு மாற்ற வேண்டும் என்று சிலர் எழுதினர். அந்த இளைஞர்கள் நம் பிள்ளைகளே. அவர்கள் தீங்கு செய்பவர்கள் அல்லர். ஆயினும் உட்காரும் இடம் வாயிலைப் பார்த்து இருப்பதால், வருகின்றவர் ஒவ்வொருவரும் பத்துப் பேரின் பார்வையைக் கடந்தே உள்ளே நுழைய வேண்டியிருக்கின்றது. திண்டைக் கட்டிய கொத்தனாரோ கட்டச் சொன்னவரோ இதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

காவலுக்கு நிற்பவரைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. 2025 செப்டம்பர் இறுதியில், நம் ஊர்ப் புறவழிச்சாலையில், ஆந்திரத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டில், இரவு ரோந்துப் பணியிலிருந்த இரு காவலர்களே கைது செய்யப்பட்டுப் பணியிலிருந்தும் நீக்கப்பட்டனர். துறையில் நேர்மையோடு பணியாற்றும் பலரை நாம் அறிவோம். ஆனால் ‘சீருடையைக் கண்டால் அச்சம் நீங்க வேண்டும்’ என்று ஒரு பெண்ணுக்கு நாம் கட்டளையிட முடியாது. ‘காவல் உதவி’ செயலி 2022 முதல் உள்ளது. 112, 181, 1098 ஆகிய எண்கள் உள்ளன. அவற்றை மகளிர் பகுதிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். அதோடு, அழைத்தவுடன் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய நம் தெருவின் இரண்டு குடும்பங்களின் எண்களையும், அவர்கள் இசைந்தால், சேர்த்து எழுதுவோம்.

இப்போது கேமராவுக்கு வருகின்றோம். பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் ஆகிய இருவரும் 2009ஆம் ஆண்டு 44 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கேமரா வைத்த இடங்களில் குற்றம் மொத்தத்தில் 16 விழுக்காடு குறைந்திருந்தது. அதிலும் வாகன நிறுத்துமிடங்களில் மட்டும் 51 விழுக்காடு குறைந்திருந்தது. நகரின் மையத் தெருக்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வாகனத்தைத் திருடுகின்றவன் கேமராவுக்கு அஞ்சுகின்றான். ஆத்திரத்தில் கைநீட்டுகின்றவன் அஞ்சுவதில்லை. ஆகவே வாகன நிறுத்துமிடம், உண்டியல், பெருநாள் திடலின் இரு வாயில்கள் ஆகிய இடங்களுக்குக் கேமரா வேண்டும் என்பதை நாமும் ஆதரிக்கின்றோம்.

எதிர்த்தவர்களின் அச்சத்திற்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் பகுதிகளைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் 72 மறைவாக வைக்கப்பட்டவை. பொதுவான குற்றத் தடுப்புக்கு என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. 2010ஆம் ஆண்டு உண்மை வெளிப்பட்டதும் மக்கள் கொதித்தனர். கேமராக்கள் பைகளால் மூடப்பட்டு, 2011இல் கழற்றப்பட்டன. கேமரா அதே கேமராதான். யார், யாரைப் பார்க்க, யாரிடம் சொல்லி வைத்தார் என்பதே அச்சத்தைத் தீர்மானித்தது. நம் மாநிலத்தில் கோவை கோட்டைமேட்டு மக்கள், 1998ஆம் ஆண்டுக்குப் பின் பல காலம் சோதனைச் சாவடிகளைக் கடந்தே வீடு திரும்பினர். அதுவும் பாதுகாப்பு என்னும் பெயரில்தான்.

இன்று முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் மென்பொருளும் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் 2021 முதல் அது பயன்பாட்டில் உள்ளது. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு பெண் அறிஞர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தனர். வெள்ளை நிற ஆண்களிடம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத் தவறிய கருவி, கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறியது. ஐதராபாத்தில் 2021ஆம் ஆண்டு தெருவில் நிறுத்தப்பட்டு முகக்கவசத்தை அகற்றச் சொல்லிப் படமெடுக்கப்பட்ட சமூக ஆர்வலர் எஸ்.கியூ. மசூத், அதனை எதிர்த்து 2022இல் தெலங்கானா உயர்நீதிமன்றத்தை நாடினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறியிருக்கின்றனர். பிறரிடம் நாம் கேட்கும் அந்த உரிமையை, நம் பள்ளிவாசலுக்கு வருகின்றவருக்கு நாமே மறுத்தல் கூடாது.

எனவே நாம் முன்வைப்பது இதுதான். 16 கேமராக்களுக்கு ஒதுக்க எண்ணிய தொகையில் முதலில் பெருநாள் திடலின் இரண்டாவது வாயிலைத் திறப்போம். அதன் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தொழுகை முடியும்வரை பூட்டு இருக்கக் கூடாது. அடுத்து மின்மாற்றி வளைவுக்கு விளக்கு. மாநகராட்சிக்கு மனு தருவோம், அதுவரை அருகிலுள்ள வீட்டுச் சுவரில் நம் செலவில் ஒன்று. திண்டு இடம் மாறட்டும். இளைஞர்கள் வாகன நிறுத்துமிடத்தின் பக்கம் அமர்ந்தால் அதற்கும் காவலாகும். எஞ்சிய தொகையில் ஐந்து கேமராக்கள் போதும். ஒன்றுகூட மகளிர் வாயிலையோ, ஹவுளையோ, எவருடைய வீட்டு வாசலையோ பார்த்தல் கூடாது. கேமரா இருக்கின்றது என்று பலகை வைக்க வேண்டும். பதிவு பதினைந்து நாளில் தானே அழிய வேண்டும். அதனைப் பார்க்க முத்தவல்லி, செயலாளர், மகளிர் சார்பில் ஒருவர் ஆகிய மூவரில் இருவராவது உடனிருக்க வேண்டும்; யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்பதை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த அலுவலர் கேட்டாலும் எழுத்து மூலமான கடிதம் பெற்றுக்கொண்டே தர வேண்டும்.

பதினைந்து நாள் போதாது, ஒரு மாதம் வேண்டும் என்று செயலாளர் கருதுகின்றார். செருப்புத் திருட்டை ஒருவர் மறுநாளே சொல்லிவிடுவார், ஆனால் வெளியூர் சென்றவரின் வண்டி காணாமற் போனால் அவர் திரும்பி வந்த பின்னரே தெரியும் என்பது அவருடைய வாதம். அதிலும் நியாயம் உண்டு; அவை முடிவு செய்யட்டும்.

வாயிலின் அளவுகளோடு கூடிய வரைபடமும், மகளிர் எழுதித் தந்த விடைகளின் தொகுப்பும், பெயர்கள் நீக்கப்பட்டு, அலுவலக அறையில் வைக்கப்பட்டுள்ளன. ஜும்ஆவுக்கு முன்னும் பின்னும் பார்வையிடலாம். கருத்துகளை எழுத்து மூலமாக அங்குள்ள பெட்டியில் இடுமாறு கேட்டுக்கொள்கின்றோம். மகளிருக்கென மதரஸாவிலும் ஒரு பெட்டி உண்டு. ரமளான் பிறை காண்பதற்குள் இரண்டாவது வாயிலின் வேலை முடிந்தாக வேண்டும் என்பதால், தாமதம் வேண்டாம்.